டாலர் மாமாவைக் கேளுங்கள்

தேனி: அமெரிக்காவில் வட்டி அசைந்தால் எங்கள் ஊர் வியாபாரிக்கு ஏன் கடன் இறுகுகிறது?

அசையக்கூட வேண்டாம், பேச்சே போதும். 2013 மே மாதம், கடன்பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று அப்போதைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி வாயைத் திறந்தார். டாலர் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டியது. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி ஜூலையில், வங்கிகள் தன்னிடம் வாங்கும் அவசரக் கடனின் வட்டியை 10.25 சதவீதமாக்கியது. அப்படியும் ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. வங்கிக்கே பணம் விலையேறினால் அது தரும் கடனும் இறுகும். பேசியவர் வாஷிங்டனில், வட்டி கட்டியவர் தேனியில்!

மதுரை: 1997இல் தாய்லாந்து ஏன் கவிழ்ந்தது?

வாங்கியது டாலரில், குறுகிய தவணைக்கு. போட்டது, தாய்லாந்து நாணயமான பாட்டில் வாடகை தரும் கட்டடத்தில். ஜூலை 2ஆம் தேதி பாட்டைச் சந்தையின் போக்கில் விட்டார்கள், அது சரிந்து டாலர் கடன் வீங்கியது. முடக்கப்பட்ட 58 நிதி நிறுவனங்களில் 56க்கு டிசம்பரில் நிரந்தரப் பூட்டு. தப்பியவை இரண்டே இரண்டு.

பினாங்கு: தாய்லாந்து கவிழ்ந்த மறு வருஷமே மலேசியப் பிரதமர் மகாதீர் கதவைச் சாத்தினாரே, சரிதானா?

சரிதான் என்பது என் கட்சி. ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று ஆணியடித்து, வெளிநாட்டவரின் பங்குச்சந்தைப் பணம் ஓராண்டு வெளியேறக் கூடாது என்றார். அந்த நிழலில் உள்நாட்டு வட்டியைக் குறைக்க முடிந்தது. 1999இல் மலேசியா எழுந்தது. கதவைத் திறந்தே வைத்த தென்கொரியாவும் எழுந்ததே என்று எதிர்க்கட்சி கேட்கும். கேட்கட்டும், நியாயமான கேள்வி.

சேலம்: வெளிநாட்டுப் பணத்துக்குக் கதவைச் சாத்தவும் வேண்டாம், திறந்துபோடவும் வேண்டாம். நடுவழி உண்டா?

சிலியைப் பாருங்கள். 1991இல் ஒரு விதி: வெளிநாட்டுக் கடனைக் கொண்டுவந்தால் 20 சதவீதத்தை வட்டியில்லாமல் மத்திய வங்கியில் போட்டு வை. அடுத்த ஆண்டே 30 சதவீதம், ஓராண்டுக்கு. பத்து வருஷம் தங்குகிற பணத்துக்கு இது கொசுக்கடி. மூன்று மாதத்தில் ஓடுகிற பணத்துக்கு லாபமே காலி. யாரையும் தடுக்கவில்லை, ஓடுகாலிகள்தான் வரவில்லை.

கரூர்: குறைந்த வட்டியில் வெளிநாட்டு நாணயத்தில் வீட்டுக்கடன் கிடைத்தால்?

சம்பளமும் அதே நாணயத்தில் வந்தால் வாங்குங்கள். ஹங்கேரிக்காரர்கள் சுவிஸ் பிராங்க்கில் வாங்கி, தங்கள் நாணயமான ஃபோரின்ட்டில் கட்டித் தவித்தார்கள். 2014இல் சட்டம் போட்டுத்தான் மீட்க வேண்டியிருந்தது.

நெல்லை: பெர்சனல் லோன் என்றதும் வங்கி மேலாளர் முகம் சுருங்குகிறதே, மாமா?

2023 நவம்பரில் அந்தக் கடனின் இடர் எடையை ரிசர்வ் வங்கி 100இலிருந்து 125 சதவீதமாக்கியது. அதற்கு வங்கி ஒதுக்க வேண்டிய சொந்த முதல் கால்வாசி கூடிவிட்டது. நகைக்கடனுக்கு அந்த உயர்வு இல்லை. வளையலோடு போங்கள், நாற்காலி போடுவார்!