எஞ்சின் பச்சை

டெல்லி கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி அஜ்மல் கான் ரோட்டுக்குள் நடக்கும்போதெல்லாம், அப்பா எங்கள் அம்பாசிடரை நிறுத்திவிட்டு அம்மாவோடு காய்கறி வாங்கப் போன இடத்தை என் கண் தேடும். 2019-ல் அந்தத் தெருவில் ஒரு பகுதியை நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். நிம்மதியாக நடக்கலாம், நல்லதுதான். ஆனாலும் ஜனவரிக் குளிரில் பானெட் மேல் பழைய ரஜாயைப் போர்த்தி, வண்டிக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்பதுபோல ஓரங்களை இழுத்துச் செருகிவிட்டுப் போவாரே, அந்த அப்பாவுக்கு இன்றைய தெருவில் நிற்க இடமில்லை என்பது என்னவோ செய்கிறது.

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1965-ல் பிறந்த மார்க் டூ அது. ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய அதிகாரி ஒருவரிடமிருந்து 1969-ல் அப்பா வாங்கினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் உங்களுக்கே தெரியும்: கதவு சாத்தும் சத்தம், வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாசனை, சோக்கை இழுத்தால் ஒரு செருமல் செருமிவிட்டு உயிர் பிடிக்கும் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பானெட்டைத் தூக்கி, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பனியனால் துடைப்பார். டார்ச் பிடிப்பது என் வேலை. அத்தனை வருஷம் டார்ச் பிடித்தும், அந்த எஞ்சின் என்ன நிறம் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

கேட்கவைத்தவர் நாய்வாலாவில் இருந்த ஒரு பெயின்ட் உஸ்தாத். (இந்தியில் நாயி என்றால் முடி திருத்துபவர். பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்த எங்களுக்கோ அது நாயின் வால்தான், முகவரி சொல்லும்போதெல்லாம் சிரிப்போம்.) பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த பலர் கரோல் பாக்கில் புதிதாக வாழ்க்கை தொடங்கினார்கள், அவரும் அவர்களில் ஒருவர். 1971-ல் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தபோது எஞ்சினில் பெயின்ட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. வார்ப்பிரும்பு, பூச்சு இல்லாவிட்டால் துரு ஏறும். சுத்தமான பூச்சு இருந்தால்தான் எண்ணெய் எங்கே கசிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். அப்பா ஏதாவது ஒரு நிறம் பூசச் சொன்னார். உஸ்தாத் ஒத்துக்கொள்ளவில்லை. “பாபுஜி, இதற்கென்று ஒரு நிறம் உண்டு. இப்போது இருப்பது இல்லை, வந்தபோது இருந்தது” என்றார்.

இங்கிலாந்தில் பி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய எஞ்சின் அது, 1489 சி.சி. அதே எஞ்சினை எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தபோது கருஞ்சிவப்பு பூசினார்கள், மோரிஸ் மைனரின் சின்ன எஞ்சினுக்குப் பச்சை என்றெல்லாம் நான் தெரிந்துகொண்டது பிற்பாடு. உஸ்தாதுக்கு இந்த வம்சாவளி தேவைப்படவில்லை. பச்சை, கறுப்பு, கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி வெள்ளை என்று ஒரு காலை முழுவதும் கலந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பொட்டை டாப்பெட் கவரில் வைப்பார். ஈரத்தில் தெரிவது நிறமே இல்லை, காய வேண்டும் என்று சொல்லி டீ வரவழைப்பார். காய்ந்ததும் கவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், டியூப்லைட்டை நம்பாமல் வெயிலில் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார். தின்னர் வாசனையும் இஞ்சி டீயின் வாசனையும் கலந்த அந்தக் காத்திருப்பு எனக்கு எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போது தெரியாது. மத்தியானம் கிடைத்தது: முருங்கைக்கீரையின் கரும்பச்சை, மேலே லேசாகச் சாம்பல் தூவியதுபோல.

மிஞ்சிய பெயின்டை வீணாக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் துருப்பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கோலப்பொடி டப்பாவுக்கு உள்ளும் புறமும் பூசிவிட்டார். எஞ்சின் பூச்சைக் கொண்டுவந்து கோலத்துக்கா என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த டப்பாவிலிருந்தே பொடி எடுத்துக் கோலம் போட்டாள்.

பிறகு காலம் ஓடியது. ஒருமுறை எஞ்சின் பிரித்தபோது கறுப்பு, அடுத்த முறை வெள்ளி, அதற்கடுத்தும் வெள்ளி. அப்பா போனார், உஸ்தாதின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. டெல்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்பதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்த ஊரின் காற்றைச் சுவாசிக்கிற நான் அதை எப்படித் தவறு என்பேன்? 2021-ல் வந்த விதிகள், 50 வருஷம் கடந்து அசல் உருவத்தில் இருக்கும் வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும் என்றன. தினமும் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட வண்டி இனி அன்றாடம் ஓடக்கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாம். 1964-ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழைய கார் அணிவகுப்பை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அங்கே போவதென்றால் எங்கள் வண்டி தன் சொந்த நிறத்தோடுதான் போக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

நினைவிலிருந்த பச்சையை மட்டும் நம்பாமல் நிறத்தைத் தேடிக் கிளம்பினேன். ஒருவர் வெள்ளிதான் அசல் என்றார், இன்னொருவர் கறுப்பு என்றார், சிவப்பு என்று சத்தியம் செய்தவரும் உண்டு. எஞ்சினையே கேட்பது என்று நாய்வாலாவில் ஒரு மிஸ்திரியிடம் விட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் எல்லாம் சூட்டில் வெந்து தீய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியதும், பின்னால் எந்தப் பிரஷும் எட்டாத மூலையில் விரல் தடிமனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெய் விட்டு அதைத் துடைத்தபோது கை நடுங்கியது. அடியில் பச்சை இருந்தது.

இப்போதெல்லாம் நிறம் கலக்க ஒரு காலை வேண்டியதில்லை. நிறத்தைப் படிக்கும் உள்ளங்கை அளவுக் கருவியை அந்த மூலையில் வைத்தார் பெயின்ட் கடைக்காரத் தம்பி. எதில் எத்தனை கிராம் என்று திரையில் வந்துவிட்டது, டீ சொல்வதற்குள் டப்பா கைக்கு வந்தது. பூசிப் பார்த்தேன். புளி விட்டு வேகவைத்த கீரையின் நிறம்! கருவியின் மேல் குற்றமில்லை. ஐம்பது வருஷச் சூட்டையும் எண்ணெயையும் சேர்த்தே அது நேர்மையாகப் படித்திருக்கிறது. இப்போது இருப்பதைச் சொன்னது. வந்தபோது இருந்ததைச் சொல்ல உஸ்தாத் இல்லை.

அன்று இரவுதான் கோலப்பொடி டப்பா நினைவுக்கு வந்தது. அலமாரியில் பூஜைச் சாமான்களுக்குப் பின்னால் கிடந்தது. வெளியே அம்மாவின் கை பட்டுப் பட்டுத் தகரம் வெளுத்திருந்தது. மூடியைத் திறந்து கவிழ்த்தேன். ஓரத்தில் வெள்ளைப் பொடி, நடுவில் சூடும் எண்ணெயும் ஒருநாளும் தொடாத முருங்கைப் பச்சை.

மறுநாள் கருவி அந்த மூடியைப் படித்தது. புதிய கலவையில் ஒரு பொட்டை டாப்பெட் கவரில் வைத்தேன். “கம்ப்யூட்டர் கணக்கு, பார்க்கவே வேண்டாம் அங்கிள்” என்றார் தம்பி. இருக்கட்டும் என்று டீ வரவழைத்து, காயும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தேன். தம்பியும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார்.

மிஞ்சிய பெயின்டை டப்பாவின் வெளிப்புறத்துக்குப் பூசினேன். மூடியின் உட்புறத்தை மட்டும் தொடவில்லை. அடுத்து யாராவது தேடி வந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.