கூர் கெட்டவன்

எங்கள் வீட்டில் பதினான்கு கத்திகள் இருக்கின்றன. தக்காளி நறுக்க வேண்டுமென்றால் மனைவி பதினைந்தாவதைத் தேடுவாள். அது காரைக்குடியில் வாங்கியது. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, பேர் ஊர் எதுவும் கிடையாது. என் பதினான்கில் ஒன்றை அவளும் ஒருநாள் எடுத்துக் கேரட் நறுக்கிப் பார்த்தாள். கேரட் நறுக்குப்படவில்லை. விறகு மாதிரி 'டப்' என்று பிளந்து, ஒரு துண்டு அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

"ஏங்க, இது கத்தியா கோடாலியா?"

அன்றோடு சரி.

ஸ்காண்டி கிரைண்ட் என்பார்கள் என் கத்திகளின் சாணையை. அலகு முதுகிலிருந்து பலகைபோலத் தட்டையாக இறங்கும். விளிம்புக்கு ஆறேழு மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே சரிவாகச் சாய்ந்து ஒன்றையொன்று தொடும். அவ்வளவுதான். சாதாரணச் சமையல்கத்தியின் விளிம்பில் இன்னொரு பொடிச் சரிவு இருக்கும்; இதற்கு அது இல்லை. அந்த அகலச் சரிவு மரத்தின்மேல் இழைப்புளி மாதிரி படிந்து ஓடும். கை நினைத்த ஆழத்துக்குச் சீவலாம். காய்கறி என்று வந்தால் ஆப்பு மாதிரி இறங்கிப் பிளந்துவிடும். இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன்.

"அப்ப மரத்தை வெட்டுங்க" என்றாள்.

சிக்கலே அங்கேதான். எனக்கு மரமும் வெட்ட வராது.

வேலைக்காக ஸ்வீடனின் வெஸ்தெரோஸ் நகரத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் இலையுதிர்காலத்தில் அலுவலகத்து ஆட்கள் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லார் இடுப்பிலும் பிளாஸ்டிக் உறையில் ஒரு கத்தி தொங்கியது. அதிலேயே குச்சி சீவினார்கள், அதிலேயே தொத்திறைச்சியைத் துண்டு போட்டார்கள், பேன்டில் துடைத்து உறையில் செருகிக்கொண்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு நகவெட்டி. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவன் நகவெட்டியோடு நின்றேன். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டேன். பெயின்ட் பிரஷ் தொங்குகிற வரிசைக்குப் பக்கத்திலேயே மோரா கத்திகளும் தொங்கின. இங்கே கட்டட வேலைக்காரர்கள் இதை வைத்துப் பெயின்ட் டப்பா மூடியை நெம்புவார்கள். அப்படிப்பட்ட சாமானை நான் வெல்வெட் துணியில் சுற்றி வைத்தேன்.

மோரா என்பது டாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் உள்ள ஊர். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'மூரா'. பக்கத்துக் கிராமம் ஓஸ்ட்நோரில், அமெரிக்கா போய்த் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் 1891இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டிப் பட்டறை ஒன்றை வைத்தார். கத்தி அவருக்குப் பக்கத்தொழில். கடைசியில் பக்கத்தொழில்தான் நின்றது. 1912இல் அதே ஊரில் இன்னொருவர் தொடங்கிய கத்திப் பட்டறையும் இதுவும் 2005இல் ஒன்றாகின. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நார்வேயின் ஹெல்லே 1932, ஹோல்மெடால். பின்லாந்தின் மார்த்தீனி 1928, ரொவானியெமி. கௌஹாவா ஊர்ப் புக்கோக் கத்தியின் பிடி நுனியில் குதிரைத்தலை இருக்கும். வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் லெவுக்கு என்ற கத்தி, ஒரு முழம் நீளத்துக்கு, நம் வெட்டரிவாளுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். எந்தக் கத்தி எந்த ஊர் என்று கேளுங்கள். எது வெட்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெட்டாததற்குக் காரணம் கத்தியில்லை. வாங்கி வரும்போது எல்லாமே கையில் மயிரைச் சிரைக்கும். பிறகு நான் தீட்டுவேன்.

உலகத்திலேயே தீட்டச் சுலபமான கத்தி இதுதான் என்பார்கள். கோணம் பார்க்க வேண்டாம். சரிவைக் கல்லின்மேல் படிய வைத்தால் அதுவே கோணத்தைப் பிடித்துக்கொள்ளும், தேய்த்தால் போதும். உண்மைதான். ஆனால் அந்த அகலச் சரிவு முழுக்கத் தேய்ந்தால்தான் விளிம்பு கூராகும். ஆயிரம் நம்பர் கல்லில் இருபது நிமிடமாவது அழுத்தாமல், அவசரப்படாமல் உட்கார வேண்டும். எனக்கு ஐந்தாவது நிமிடம் இடுப்பு வலிக்கும். கத்தியின் முதுகை ஒரு மயிரிழை தூக்குவேன். உடனே கல் விளிம்பைக் கடிக்கும், பிசிறு எழும், தாளை வைத்தால் சர்ரென்று அறுக்கும். ஆஹா! இதே வெற்றியை ஏழெட்டு முறை பெற்றபிறகு பார்த்தால், தட்டையாக இருக்க வேண்டிய சரிவு கூழாங்கல் மாதிரி வயிறு தள்ளியிருக்கும். அதைக் கட்டையில் வைத்தால் இறங்காது, வழுக்கும். பழையபடி தட்டையாக்க வேண்டுமென்றால் பாதி இரும்பைக் கல்லுக்குக் காவு கொடுக்க வேண்டும். அதைச் செய்வதற்குப் பதிலாக நான் புதுக்கத்தி வாங்கினேன். பதினான்கு சேர்ந்த கதை இதுதான். சேகரிப்பு என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் வருவார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மிதித்துக்கொண்டே அருவாமனையைச் சக்கரத்தில் கொடுப்பார். வாயில் பீடி, கண் எங்கேயோ, கை மட்டும் இம்மி அசையாது. வாங்கிவந்து அப்பத்தாவிடம் கொடுக்கும்போது கையைக் கீறிக்கொள்வேன். "கூறுகெட்ட பய" என்பார். அப்பத்தா சொன்னது வல்லினம். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் இடையினமும் எனக்குப் பொருந்தும் என்று தெரிந்தது.

காட்டு வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈர விறகில் நெருப்பு மூட்டுவதற்குக் காய்ந்த குச்சியை இழை இழையாகச் சீவி, சீவல்கள் உதிராமல் பூப்போலச் சுருண்டு நிற்கும்படி விடுவார்கள். நான் சீவினால் எல்லாம் உதிர்ந்து கையில் பல்குத்தும் குச்சி மிஞ்சும். பச்சைக் கிளையிலாவது பழகலாம் என்று ஒருமுறை பிர்ச் மரத்தில் கை வைத்தேன். இந்த நாட்டில் யார் காட்டிலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம்; உயிருள்ள மரத்தின் கிளையையோ பட்டையையோ மட்டும் வெட்டக்கூடாது. நாய் கூட்டிவந்த ஒரு பாட்டி இதை எனக்கு நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். நாயும் கேட்டது. அன்று திரும்பும் வழியில் பால் வாங்கக் கடைக்குள் நுழைந்தேன். கத்தி இடுப்பிலேயே தொங்குகிறது என்பது கல்லாவில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பொது இடத்தில் காரணமில்லாமல் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வேலைக்குக் கொண்டுபோகிற தச்சரை யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஒரு லிட்டர் பாலோடு நின்றேன்.

வாங்கிய கத்திகளைக் கெடுத்தது போதாதென்று, சொந்தமாகவே ஒரு கெட்ட கத்தி செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

இங்கே வீட்டில் கத்தி செய்கிறவர்களில் பலர் அலகைக் கடையில் வாங்கி, பிடியும் உறையும் மட்டும் தாங்களே செய்வார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் கார்பன் எஃகுப் பட்டை வாங்கி, வாரக்கணக்கில் மாலைதோறும் அரத்தால் அராவி மூன்று அலகு செய்தேன். கிரில் அடுப்பில் கரி கொட்டி, துருத்திக்குப் பதிலாக மனைவியின் ஹேர் டிரையரைக் கட்டினேன்.

எஃகைச் சிவக்கக் காய்ச்சினால், சுமார் 770 டிகிரியில் காந்தம் அதில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே போனதும் வெதுவெதுப்பான எண்ணெயில் முக்க வேண்டும். ஊர்ப் பக்கம் தோய்ச்சல் என்பார்கள். காந்தம் தேடினேன். ஃப்ரிட்ஜ் கதவில் மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் போட்ட காந்தம் ஒன்று இருந்தது. கொண்டுபோய்ச் சிவந்த இரும்பில் வைத்தேன். ஒட்டுகிறதா இல்லையா என்று பார்ப்பதற்குள் கோபுரம் உருகி வழிந்தது. மாமியார் வாங்கிக் கொடுத்த காந்தம் அது.

சரி, நிறத்தைப் பார்த்தே முடிவுசெய்வோம் என்று இறங்கினேன். கொல்லர் பட்டறைகள் ஏன் அரையிருட்டாக இருக்கின்றன என்று நான் அதுவரை யோசித்ததில்லை. வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. ஸ்வீடனில் ஜூலை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கும் நம் ஊர் நாலு மணி வெயில். சிவக்கவில்லை, சிவக்கவில்லை என்று ஹேர் டிரையரை முடுக்கிக்கொண்டே இருந்தேன். எண்ணெயில் முக்கி, ஆறவைத்து, வைஸில் கவ்வி லேசாக வளைத்ததும் முதல் அலகு அப்பளம்போல முறிந்தது. முறிந்த வாயில் சர்க்கரை மாதிரி மணிமணியாக மின்னியது. அளவு மீறிக் காய்ந்த இரும்பின் அடையாளம் அது. இரண்டாவதில் ஒரு பக்கத்தை அதிகமாக அராவியிருந்தேன் போல. எண்ணெயிலிருந்து வாழைக்காய் மாதிரி வளைந்து வந்தது. ஹேர் டிரையர் அத்தோடு நின்றது.

மூன்றாவது, மழை இருட்டிய ஒரு நாளில், புதிய ஹேர் டிரையரின் உதவியோடு தேறியது. அரத்தை வைத்தால் வழுக்கியது. இரும்பு இறுகிவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். 200 டிகிரியில் இரண்டிரண்டு மணி நேரமாக இரண்டு முறை சுட்டு விறைப்பை இறக்க வேண்டும். சமையலறை அவனில்தான் சுட்டேன். எண்ணெயைச் சரியாகத் துடைக்கவில்லை. மறுநாள் அதே அவனில் மகளின் பிறந்தநாள் கேக் வெந்தது. கேக்கைத் தின்ற குழந்தைகள் ஸ்வீடிஷ் குழந்தைகள், மரியாதை தெரிந்தவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

பிடிக்கு மசூர் பிர்ச் கட்டை. பழுப்புச் சுழிகள் ஓடும், அழகான மரம். துளைபோட்டு, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசையை ஊற்றி அலகின் காம்பைச் செருகினேன். நேராக நிமிர்த்துவதற்குள் ஊரிலிருந்து அம்மா போன். "சாப்பிட்டியாப்பா?" என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சா? திரும்பி வந்தபோது பசை கல்லாகியிருந்தது. பிடி ஒரு பக்கம் பார்க்கிறது, அலகு ஒரு பக்கம் பார்க்கிறது, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. உறைக்கு நனைத்த தோலைக் கத்தியின்மேலேயே அச்சுப்பிடிக்க வைக்க வேண்டும். கத்தியை முதலில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். நான் சுற்றவில்லை. கார்பன் எஃகு, ஈரத்தோல், ஒரு ராத்திரி. காலையில் துருவோடு பிய்த்தெடுத்தேன். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். துரு போயிற்று, அலகு கரிச்சட்டி நிறமாயிற்று. இப்போது கறிவேப்பிலைத் தொட்டியில் மண் கிளறிக்கொண்டிருக்கிறது.

இப்படியிருக்க, நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து பாதி சீவிய கட்டையோடு வந்தாள். இங்கே ஸ்லாய்ட் என்று கைவினை ஒரு கட்டாயப் பாடம். பத்து வயதுக் குழந்தை கையில் உண்மையான கத்தியைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். வெண்ணெய் தடவும் மரக்கத்தி செய்கிறாளாம். வீட்டில் முடிக்கிறேன் என்று என் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துச் சீவிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க கத்தி எதுவுமே சீவ மாட்டேங்குது. ஸ்கூல் கத்தி நல்லா இருக்கும்."

பள்ளியில் இருப்பதும் மோராதான். என்னுடையதில் பாதி விலை.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கூட்டிப்போனேன். எண்பதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற தச்சர். ஸ்வீடிஷில் எல்லாருக்கும் 'நீ'தான். அவரை அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்குக் கூசும். என் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வயிறு தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்க இருமினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்துச் சரிவு முழுக்க மை பூசி, கல்லில் நாலே இழுப்பு இழுத்துக் காட்டினார். நடுவில் மட்டும் மை அழிந்து வெள்ளிக்கோடு தெரிந்தது. மேலேயும் விளிம்பிலும் கறுப்பு அப்படியே. கல் எங்கே படுகிறதோ அங்கேதான் மை போகும். சரிவு முழுக்க மை அழிகிறவரை முதுகைத் தூக்காதே என்றார். மகள் வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் தேய்த்தாள், ஒருமுறைகூடத் தூக்காமல். அதிலேயே கட்டையைச் சீவி முடித்தாள். காலைதோறும் எங்கள் வீட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது அந்த மரக்கத்திதான்.

அடுத்த வாரம் யாருமில்லாத நேரத்தில் நானும் உட்கார்ந்தேன். மார்க்கர் இல்லை. மகளின் பள்ளிப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பூசி, கல்லை நனைத்து இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே மை மொத்தமும் போய்விட்டது! ஒன்பது வருட உழைப்பு, கை படிந்துவிட்டது என்று நினைத்தேன். மனைவியைக் கூப்பிட்டு, தக்காளியை வைத்து, கத்தியை அவள் கையிலேயே கொடுத்தேன். தக்காளி நசுங்கியது. மகள் வந்து பேனாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது தண்ணியில போற பேனா."

இந்தக் கத்தி வாங்குகிற எண்ணம் இருந்தால் கடையில் மார்க்கரும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அழியாத மை என்று கேட்டு வாங்குங்கள்.