தண்ணிக்கு வழி விடு, மோனை

வா மோனை, உதில இரு. வள்ளம் வாங்கினாய். சிம்கோ ஏரியில கோடை முழுக்க ஓட்டினாய். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிண்டு படமும் எடுத்தாய். வடிவாய்த்தான் இருந்தது. இப்ப ஐப்பசி. தாங்ஸ்கிவிங் வான்கோழியும் செமிச்சுப்போச்சு. அந்த எஞ்சினுக்குள்ள நிக்கிற தண்ணிக்கு என்ன வழி?

ஃபோன் ஆப்பைப் பாத்துச் செய்யிறன் எண்டு சொல்லாதை. எங்கட ஊரில ஆப்பு எண்டால் விறகு பிளக்கிற சாமான். உன்ர எஞ்சினையும் அதுதான் பிளக்கப்போகுது.

ஏன் பிளக்கும் எண்டோ? தண்ணி உறைஞ்சால் நூற்றுக்கு 9 பங்கு வீங்கும். உன்ர எஞ்சின் ஏரித் தண்ணியை உறிஞ்சித்தான் தன்ர சூட்டை ஆத்துது. கரைக்கு இழுத்த பிறகும் அந்தத் தண்ணி வார்ப்பிரும்பின்ர வயித்துக்குள்ள குந்திக்கொண்டிருக்கும். ஒரு இரவு நல்ல குளிர் அடிச்சால் வீங்க இடம் தேடும். இரும்பு விலகி இடம் குடுக்குமோ? வெடிக்கும். சோடாப் போத்தலை ஃபிரீசருக்குள்ள வைச்சு மறந்த ஆள்தானே நீ?

குளிர் வந்தால் தானாய்க் கழண்டு எஞ்சினைக் காப்பாத்திற தகட்டு மூடி இருக்கெண்டு உன்ர சிநேகிதன் சொன்னானாம். அது எஞ்சினை வார்க்கேக்குள்ள மண் எடுக்க விட்ட ஓட்டையை அடைச்ச மூடி. சிலநேரம் மூடி கழரும், சிலநேரம் புளொக் பிளக்கும். அந்தச் சீட்டிழுப்பை நம்பி நித்திரை கொள்ளுவியோ?

அடுத்தது உந்த ரோசா நிற அன்ரிஃபிரீஸ். தண்ணீர்ப் பந்தல் சர்பத் மாதிரி ஆறு கான் அடுக்கி வைச்சிருக்கிறாய். எஞ்சின் சூடேற முந்தி ஊத்தினால் தேர்மோஸ்ராற் கதவைச் சாத்திக்கொண்டு நிக்கும். பல எஞ்சினில மருந்து புளொக்குக்குள்ள போகாது. மனிபோல்ட்டைச் சுத்திக்கொண்டு பின்னால விழும். நீயும் ரோசாத் தண்ணி வந்திட்டுது எண்டு வீடியோ எடுப்பாய். மாப்பிள்ளை படலையோட திரும்பிப்போக, உள்ள மேளம் அடிச்ச கதைதான். சூடேத்தி ஊத்தினாலும், நிக்கிற தண்ணியோட கலந்து பலம் குறையும். முதல் வடி. பேந்து ஊத்து. கானில எதிலீன் கிளைக்கோல் எண்டிருந்தால் திருப்பிக் குடு. அது இனிக்கும், நக்கிற நாய் பிழைக்காது.

வடிக்கிறது பெரிய வித்தையோ? உன்னதைப்போல வீ 8 எண்டால் புளொக்கில பக்கத்துக்கு ஒரு திருகாணி, மனிபோல்ட் ரெண்டுக்கும் ஒவ்வொண்டு, பிறகு பம்புக்குப் போற பெரிய குழாய். வேறை எங்க இருக்கெண்டு எஞ்சினோட வந்த புத்தகம் சொல்லும். அதின்ர உறையாவது பிரிச்சனியோ?

திருகாணியைக் கழட்டினாய், ஒரு சொட்டும் வரேல்லை. அட, காய்ஞ்சு கிடக்கெண்டு சந்தோசப்படாதை. ஓட்டை வாயில கறளும் மணலும் அடைஞ்சு கிடக்கும். உடுப்புக் கொழுவிற கம்பி ஒண்டை நிமித்திக் குத்து. முதல் கறுப்பாய் ஒரு துளி. இன்னும் குத்து. செங்காவியாய் ஒரு கொளுக். பேந்துதான் குளிர்ந்த தண்ணி உன்ர முழங்கை வழிய ஓடிச் சட்டைக்குள்ள இறங்கும். கூசுதோ? நல்லது. சட்டை நனைஞ்சால்தான் எஞ்சின் காய்ஞ்சதெண்டு கணக்கு.

எனக்கும் ஒருக்கால் எடுப்பு வந்தது. காசு குடுத்து என்ர வள்ளத்தை ஒரு கடையில விட்டனான். கலியாணப் பொம்பிளை மாதிரி வெள்ளைப் பிளாஸ்ரிக்கால சுத்தித் தந்தாங்கள். சித்திரையில அஞ்சு நிமிசம் ஓடவிட்டு எண்ணெய்க் கம்பியை இழுத்தன். நல்ல பால் தேத்தண்ணி. சீனிதான் குறைவு. உள்ளுக்குள்ள வெடிச்சு, தண்ணி எண்ணெயோட சம்பந்தம் செய்துபோட்டுது.

வல்வெட்டித்துறையில எங்கட ஐயா கடலால வந்தால், பின்னால கொழுவிற மிசினை நல்ல தண்ணிப் பீப்பாவில ஓடவிட்டு, நிமித்தித்தான் வைப்பார். நிமிந்து நிண்டால் அந்த மிசின் தண்ணியைத் தானே வடிச்சுப்போடும். அங்க பனிக்கட்டி எங்க கிடக்கு? அவருக்கு உப்புத்தான் எதிரி. எதிரி வேறை, புத்தி ஒண்டு: ஓட்டம் முடிஞ்ச மிசினுக்குள்ள தண்ணியைப் படுக்க விடாதை. அவரிட்ட ஆப்பும் இல்லை, ஆறு கானும் இல்லை.

கழட்டின திருகாணியளை எண்ணி ஒரு பையில போட்டு, எஞ்சின் சாவியோட கட்டு. வள்ளத்தின்ர பின்னடித் தக்கையையும் கழட்டி அதுக்குள்ளயே போடு. மழையும் உருகிற பனியும் அந்த ஓட்டையால போகட்டும்.

வைகாசியில பையைத் தேடு, என்ன? தண்ணிக்கு உன்ர வள்ளத்தில எப்பவும் ஒரு கண். மாரியில உள்ள நிக்கப் பாக்கும், கோடையில உள்ள வரப் பாக்கும். தக்கையில்லாமல் ஏரியில இறக்கினால் முதல் கால் நனையும், பேந்து கதிரை நனையும். அப்பவும் படம் எடுக்க ஆள் நிக்கும், மோனை. கறுப்புக் கண்ணாடியை மறக்காதை.