சேரலாமா தம்பி

கூத்தாநல்லூரில் பிளஸ் டூ முடித்த பையனிடம் "அடுத்து என்ன படிக்கிற?" என்று கேட்பவர்கள் குறைவு. "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. சின்ன சிங்கப்பூர் என்று பட்டப்பெயர் வாங்கிய ஊர். தெருவிலுள்ள மாடி வீடுகளைக் கேட்டால் ஒன்று "நான் வெள்ளி" என்று சொல்லும், அடுத்தது "நான் ரியால்" என்று சொல்லும். எல்லாம் வெளிநாடு போய்ச் சம்பாதித்த சபராளிகள் கட்டியவை. இப்படிப்பட்ட ஊரில் ஒருவன், "நான் எங்கயும் போகல, இங்கேயே உக்காந்து கோடிங் படிக்கப்போறேன்" என்று சொன்னான்.

ஐந்து வருடமாகச் சொல்கிறான். இன்னும் சேரவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

டீக்கடையில் அவனுக்குப் பெயரே 'சேரலாமா' என்றாகிவிட்டது. இவன் ஒருவன்தான் என்று நினைக்கவேண்டாம். மன்னார்குடி பஸ்ஸில் ஏறினால் இரண்டு சேரலாமாக்கள், திருவாரூர் பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். காதில் ஒரு ஒயர் தொங்கும், மடியில் பை இருக்கும். போனில் 'வேளச்சேரி மேடம்', 'கோரமங்களா மேடம்', 'ஈஎம்ஐ சார்' என்று எண்களைப் பதிந்து வைத்திருப்பார்கள். அந்த இன்ஸ்டிடியூட் மேடங்கள் தவறாமல் கூப்பிடுவார்கள். "சார், கடைசி ரெண்டு சீட்டுதான் இருக்கு." எனக்குத் தெரிய அந்த இரண்டு சீட்டும் கொரோனா காலத்திலிருந்து காலியாகவே கிடக்கின்றன.

இலவச டெமோ வகுப்பு எங்கே நடந்தாலும் நம் ஆள் முதல் வரிசையில் இருப்பான். பதினாலு டெமோ முடித்துவிட்டான். எல்லா டெமோவிலும் ஒரே பாடம்: "வேரியபிள் என்பது ஒரு டப்பா." அந்த டப்பாவில் என்ன போடுவது என்பது இரண்டாம் வகுப்பில் வரும். இரண்டாம் வகுப்புக்குக் காசு கட்டவேண்டும். ஆக, பதினாலு டப்பாவும் காலியாகத்தான் அவனிடம் இருக்கின்றன.

ஒருநாள் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில் விரித்தான். '90 நாளில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்.' பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கடைமடையில் ஆறு மா வைத்துக்கொண்டு மேட்டூர்த் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ஆடுதுறை 36 போட்டாலே அறுக்க 110 நாளு ஆவுது. இங்க 90 நாள்ல ஆளே விளைஞ்சிருவானா?" என்று கேட்டுவிட்டு வடையை எடுத்தார். அந்தத் தாளை அப்படியே மடித்து வைத்தவன், ஆறு மாதம் ஓடும் கோர்ஸ் ஒன்றை விசாரிக்கக் கிளம்பிவிட்டான்.

நான் சிரிக்கக்கூடாது. தொண்ணூறுகளில் நானும் இப்படி ஒரு கண்ணாடிக் கதவு இன்ஸ்டிடியூட்டில் காசு கட்டி கோபால் படித்தவன். கம்ப்யூட்டர் மொழியின் பெயர்தான் அது. அத்தாவின் காதில் மட்டும் ஆள் பெயராக விழுந்தது. "மாசாமாசம் அந்த கோபாலுக்குப் பணம் கட்டுறோமே, ஒரு வேலை வாங்கித் தரமாட்டானாமா?" என்று இரண்டு வருடம் கேட்டார். கோபால் கடைசிவரை வாங்கித் தரவில்லை. அதே காலத்தில் கம்ப்யூட்டர்களின் 2000-ஆம் ஆண்டுக் கோளாறைச் சரிசெய்ய, கோபால் தெரிந்தவர்களை அமெரிக்காவில் தேடினார்கள் என்பதும் உண்மைதான். படிப்பு நல்ல படிப்பு. டப்பாவை நானும் நிரப்பவில்லை.

ஆனால் லோயர் டைப்ரைட்டிங் மட்டும் பாஸ் செய்தேன். காரணம் பாடம் இல்லை. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மாஸ்டர் ஸ்கேலோடு பின்னால் நிற்பார், அதுதான் காரணம். பூட்கேம்ப் என்கிற இந்தக் குறுகிய காலக் கோடிங் வகுப்புகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பாடம் சும்மாவே கிடைக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளம் 2014-லிருந்து இலவசமாகவே சொல்லித்தருகிறது. கட்டுகிற காசு, அந்த ஆறு மணிக்கும் ஸ்கேலுக்கும்தான். சிலருக்கு அது தேவை. எனக்குத் தேவைப்பட்டது.

இதைச் சொன்னால் நம் ஆள் என்னைவிட விவரமாகப் பதில் சொல்வான். அதுதான் சேரலாமா ஜாதியின் லட்சணம். சேராத கோர்ஸைப்பற்றிச் சேர்ந்தவனைவிட அதிகம் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் 2012-ல் தொடங்கிய டெவ் பூட்கேம்ப்தான் இந்த வியாபாரத்தின் முன்னோடிகளில் ஒன்று, 2017-ல் அதையே மூடிவிட்டார்கள் என்பான். "வேலை கிடைச்சப்புறம் சம்பளத்துல பங்கு குடு" என்று விற்ற லாம்டா ஸ்கூல், ப்ளூம்டெக் என்று பெயரை மாற்றிக்கொண்ட கதையையும் சொல்வான். விளம்பரத்தில் 86 சதவீதம் வரை வேலை; உள்ளே எண்ணிப் பார்த்தால் 50 பக்கம், சில பேட்சில் 30. பங்கு என்று சொன்னதும் கடன்தான் என்று 2024-ல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது.

"நம்மூர்ல மட்டும் என்ன மாமா? 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்'னு போடுவான். நூறு எதுக்கு? உதவிக்கு. வேலைக்கு இல்ல. ரெஸ்யூமை நாலு பேருக்கு அனுப்பிட்டா உதவி முடிஞ்சிருச்சு."

ஈஎம்ஐயைப் பற்றியும் தெளிவாக இருந்தான். கடன் கொடுக்கும் கம்பெனி மொத்தக் காசையும் இன்ஸ்டிடியூட்டுக்கு முதலிலேயே கட்டிவிடும். இரண்டாம் வாரம் பிடிக்கவில்லை என்று எழுந்து வந்தாலும் தவணை எழுந்து வராது, நம் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும். இதைக் கேட்டு டீக்கடைக்காரர் தன் பைக் லோனை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்ப காசு வாங்காத இடத்துக்குப் போயேன்டா" என்றேன். ஸோஹோ நடத்தும் பள்ளியில் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. அது பெரும்பாலும் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு. இவன் விசாரித்து முடிப்பதற்குள் பி.காம் வாங்கிவிட்டான். 2022-ல் வந்த தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலேயே வகுப்பு நடத்தினார்கள். அந்த நேரத்தில் நம் ஆள் வெளியே மரத்தடியில் போனில் நின்றான், அதைவிட நல்ல கோர்ஸ் எது என்று விசாரித்துக்கொண்டு.

இப்போது புதிதாக ஒரு சந்தேகம் வேறு. "எல்லாக் கோடையும் ஏஐயே எழுதிருமாமே, இனிமே சேரலாமா?" நல்ல கேள்விதான். இதையும் ஒரு வருடம் விசாரிப்பான்.

போன வாரம் மக்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்தான். லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கறுப்புத் திரையில் வரிவரியாக ஏதோ இருந்தது.

"என்னடா இது?"

"கணக்கு மாமா. இருபத்தேழு கோர்ஸ் ஆயிருச்சு, எக்செல் தாங்கல. தினம் ஒவ்வொருத்தன் பக்கமா போயி ஃபீஸ் மாறிருக்கான்னு பாக்க முடியல. அதான் பைத்தான்ல சின்னதா ஒண்ணு எழுதி வச்சேன். ராத்திரி அதுவே போயி பாத்துட்டு, வட்டியெல்லாம் கூட்டி, எது மலிவுன்னு போனுக்கு மெசேஜ் அனுப்பும்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரு இருக்கா? யூடியூப்தான். நடுவுல ஒரு தப்பு, பத்து நாளு தூங்க விடல. கடைசில பாத்தா ஒரு முக்காப்புள்ளியை விட்டிருக்கேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இஃப் இருந்தது, எல்ஸ் இருந்தது, சுற்றிச் சுற்றி வரும் லூப் இருந்தது. டப்பா டப்பாவாக வேரியபிள். எல்லா டப்பாவிலும் சாமான் இருந்தது.

"அட, உனக்குத்தான் கோடிங் தெரியுதேடா!"

"போங்க மாமா. இது சும்மா வீட்டுக்கணக்கு. கோடிங்னா முறையா ஒரு எடத்துல சேந்து படிக்கணும்ல?"

போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"வேளச்சேரிக்காரன் ரெண்டாயிரம் குறைச்சிட்டான் மாமா. இப்ப சேரலாமா?"