பயந்தாங்கொள்ளி இல்லாமல் மலையேறாதீர்

ஸ்காட்லாந்தின் பனிக்கால மலைமுகடுகளுக்கு நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் பனிக்கோடரி இருக்கிறதா, பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பார்கள். குழுவில் ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் போட்ட கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி. முழங்கால் வரை புதைகிற பனிக்கு அதில் இடமில்லை. டிசம்பர் சூரியனோ மாலை நான்கு மணிக்கு முன்பே கடையைக் கட்டிவிடும். முகட்டு விளிம்பில் காற்று பனியைக் குவித்து அந்தரத்தில் நீட்டி வைத்திருக்கும்; மேலே நிற்பவருக்கு அதுவும் தரைதான். பென் நெவிஸ் உச்சியில் மேகம் கவிந்தால், வரைபடப்படி 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை என்று அடியெண்ணி இறங்க வேண்டும். இரு பக்கமும் பள்ளம். இத்தனையும் தெரிந்த நால்வர் ஒன்றாகப் போனால், மற்ற மூவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாக நடப்பார்கள். “திரும்பிவிடலாமா?” என்ற கேள்வி நாலு பேர் தொண்டையிலும் நிற்கும், மானம் அதை வெளியே விடாது. பயந்தாங்கொள்ளிக்கு அந்தத் தடை கிடையாது. அவர் கேட்டதும் மற்றவர்கள் அவரை வாயாரத் திட்டிவிட்டு, அவருக்கு முன்னாலேயே இறங்கத் தொடங்குவார்கள்.

அவ்வளவு பயமென்றால் வீட்டிலேயே இருக்கலாமே என்பார்கள். வீட்டில் இருக்கும் பயம் முகட்டில் நிற்பவருக்கு உதவாது. அதைச் சுமந்துகொண்டு மேலே வருபவர்தான் வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலேயே புலம்பத் தொடங்குகிறவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். உண்மையான ஆபத்தில் அவர் குரல் யார் காதிலும் விழாது. உச்சியைத் தொடாவிட்டால் ஏறியதே வீண் என்பது அடுத்த ஆட்சேபம். 3000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்களை 1891-இல் பட்டியலிட்ட ஹியூ மன்ரோ, எல்லாவற்றையும் ஏறி முடிக்காமலே 1919-இல் இறந்தார். இன்றைய பட்டியலில் 282 சிகரங்கள். அத்தனைக்கும் பெயர் மன்ரோதான். தவிர, பனிக்கால உச்சியில் பெரும்பாலும் தெரிவது மேகத்தின் உள்பக்கம். அது பாதி வழியிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே அடுத்த முறை குழு சேர்க்கும்போது அவரை விட்டுவிடாதீர்கள். கூடவே, போகும்போது வண்டியில் முன்சீட்டையும் அவருக்கே கொடுங்கள். வரும்போது எப்படியும் அவர்தான் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பார்.