பல் விழுந்தால் விடுதலை!

கேள்வி: 'டாக்டூத்' கிரேக்கப் படத்தில் அந்த அப்பா பிள்ளைகளை வெளியே விடாமல் வளர்ப்பது அளவுகடந்த பாசத்தாலா?

பதில்: பாசக்காரர் பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் விடுவாரா? யோர்கோஸ் லாந்திமோஸ் 2009-ல் எடுத்த அந்தப் படத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் பெயரே கிடையாது. உடம்பு வளர்ந்தாச்சு, ஆளை வளரவிடவில்லை! பூனை மனிதனைக் கொன்றுவிடும் என்று நம்பவைக்க, அப்பா சட்டையைக் கிழித்து, பொய் ரத்தம் பூசிக்கொண்டு வந்து நிற்கிறார். பிறகு பெண்டாட்டி பிள்ளைகளை மண்டியிடவைத்து நாய்போலக் குரைக்கப் பழக்குகிறார். இதற்குப் பெயர் அதிகாரம். அடியும் உண்டு, ஆனால் இந்தப் பயம்தான் கொடுமை.

கோரைப்பல் விழுந்தால்தான் வீட்டைவிட்டுப் போகலாம் என்பது அவர் சட்டம். வளர்ந்தவர்களுக்கு அது தானாக விழுமா என்ன? திருட்டுத்தனமாக வீடியோ படம் பார்த்த மூத்தவள், தனக்கு 'புரூஸ்' என்று தானே பெயர் சூட்டிக்கொள்கிறாள். அப்புறம் கண்ணாடி முன் நின்று, டம்பெல்லால் தன் பல்லை இடித்து உடைக்கிறாள். வாயெல்லாம் ரத்தம், முகத்தில் சிரிப்பு. எழுந்து கைதட்டத் தோன்றியது எனக்கு. ஆனால் பாருங்கள், தப்பிக்கும்போதும் அவள் அப்பாவின் சட்டத்தை மீறவில்லை. பல்லைக் கொடுத்துவிட்டு, அவருடைய கார் டிக்கியில்தான் போய் ஒளிகிறாள்!