திணைக் கோட்பாட்டு நோக்கில் நியூயார்க் நகரப் பின்பால் இருப்பிடங்கள்: முன்னுரைக்கு முன்னதாக ஒரு குறிப்பு

நியூயார்க்கில் பின்பால் ஆட இடம் எங்கே என்று அங்குள்ள நண்பரைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இப்பொருளில் முறையான ஆய்வு இதுவரை நிகழாததற்கு அதுவே காரணம். உடனே விடை கிடைக்கும் கேள்வியைத் துறைசார் அறிஞர் தொடமாட்டார். தொட்டால் அடுத்த கருத்தரங்குக்குப் பயணப்படி வாங்க வழியில்லை.

ஆய்வுப் பொருளை வரையறுப்போம். சாய்ந்த மேசை ஒன்று, மேலே கண்ணாடி, உள்ளே சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, அடியில் பொத்தானை அழுத்தினால் எகிறும் ஃபிளிப்பர் இரண்டு. குண்டு கீழே இறங்கப் பார்க்கும். ஆடுபவர் இறங்கவிடாமல் பார்ப்பார். முடிவில் குண்டே வெல்லும். இதைச் சொல்ல ஒரு பத்தி போதும் என்பது நம் ஆய்வின் முதல் பின்னடைவு.

வரலாற்றுப் பின்புலம் இல்லாத கட்டுரையை எந்த இதழும் ஏற்காது. ஆகவே: 1942 ஜனவரியில் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியாவின் ஆட்சியில் நியூயார்க் பின்பாலைத் தடை செய்தது. பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையைக் கறக்கும் சூதாட்டம் என்பது குற்றச்சாட்டு. போலீசார் கடைகடையாகப் புகுந்து ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பறிமுதல் செய்தார்கள். மேயரே சம்மட்டி ஏந்திப் புகைப்படத்துக்கு நின்றார். அன்றைக்கு அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஃபிளிப்பர் அப்போது கிடையாது. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் மிச்சமெல்லாம் குண்டின் தலையெழுத்து. 1947இல்தான் சிகாகோவின் காட்லிப் நிறுவனம் ‘ஹம்டி டம்டி’ என்ற இயந்திரத்தில் ஆறு ஃபிளிப்பர்களை வைத்தது. சூது ஆட்டமாயிற்று. இச்செய்தி நியூயார்க் சட்டத்தின் காதுக்கு எட்ட மேலும் 29 ஆண்டுகள் பிடித்தன. நம் பாடத்திட்டக் குழுக்களை வைத்துப் பார்த்தால் இது மின்னல் வேகம்.

எட்டிய விதம் கவனத்துக்குரியது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரமன்றக் குழுவின் முன்னே நின்று ஆடிக் காட்டினார். அவர் கொண்டுவந்தவை இரண்டு இயந்திரங்கள். முதலாவதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கலாம் என்று ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், ‘மாற்றுக்கு வைத்திருக்கிறீரே, அதில் ஆடும்’ என்றார். குண்டு நடுப்பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஷார்ப் ஸ்பிரிங்கை இழுத்து விட்டார், இறங்கியது. தடை போயிற்று. அந்த ஒரு குண்டு அதிர்ஷ்டத்தால் இறங்கியதே என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். சால்வை இல்லாமல், தேர்வாளருக்கு மதிய விருந்து இல்லாமல் நிறைவேறிய வாய்மொழித் தேர்வு என நமக்குத் தெரிந்தது இது ஒன்றே.

இனி இருப்பிடங்களை வகைப்படுத்துவோம். எதிரே கொசுவலை கிடந்தாலும் அதில் ஐந்திணை காண்பது ஆய்வுலக வழக்கம். வழக்கை மீற நாம் யார்?

குறிஞ்சி: மான்ஹாட்டனில் சொல்லிக்கொள்ளும்படி மலை இல்லை. ஆதலால் இத்திணையும் இல்லை. மேசையின் சரிவு ஏறத்தாழ ஆறரைப் பாகை. அதையே மலை எனக் கொள்வாரும் உளர்.

மருதம்: மதுக்கூடங்கள். புரூக்ளின் வில்லியம்ஸ்பர்கில் 2004இல் திறந்த பார்கேட் இவ்வகை. உரிப்பொருள் ஊடல். பியர்க் கோப்பையைக் கொண்டுவந்து இயந்திரத்தின் கண்ணாடிமேல் வைக்கும் அந்நியரோடு நிகழ்வது.

நெய்தல்: ஊர் எல்லைக்குள் தேடிச் சலித்தவர் நியூஜெர்சிக் கடற்கரையில் ஆஸ்பரி பார்க் வரை போவார். அங்கே பலகை நடைபாதையை ஒட்டிச் சில்வர்பால் ஆட்டக்கூடம். நுழைவுக் கட்டணம் கட்டினால் நாணயமே இல்லாமல் ஆடலாம். கடைசிக் குண்டு இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே நழுவும்போது எழும் ஒலியை இரங்கல் என்க.

முல்லையே இவ்வாய்வின் உயிர். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவி காத்திருப்பாள். நியூயார்க்கில் காத்திருப்பது யார்? துணி துவைக்க வந்தவர். அந்நகரின் அடுக்ககங்கள் பலவற்றில் துவைக்கும் இயந்திரம் கிடையாது; மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை லாண்ட்ரோமேட்டுக்குப் போக வேண்டும். போட்ட துணி சுழன்று முடியும்வரை மனிதன் என்ன செய்வான்? கிரீன்பாயிண்ட் பகுதியின் சன்ஷைன் லாண்ட்ரோமேட் இதற்கு விடை வைத்திருக்கிறது: துவைக்கும் இயந்திரங்களுக்கு அருகிலேயே பின்பால். அதோடு நிற்கவில்லை. அடுக்கிவைத்த துணி இயந்திரங்கள் போலவே தோன்றும் ஒரு கதவு. அதைத் திறந்தால் உள்ளே மதுக்கூடமும் இன்னும் பல பின்பால்களும். தடைக்காலம் முடிந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒளிவதை விடவில்லை.

முதற்பொருளும் கருப்பொருளும் காண்போம். பெரும்பொழுது, போர்வை துவைக்கும் குளிர்காலம். சிறுபொழுது, தொல்காப்பியர் சொன்ன மாலையேதான். அலுவலகம் விட்டபின்தான் யாரும் துவைக்க வருவார். தெய்வம், சில்லறை மாற்றித் தரும் பெட்டி. பறை, உலர்த்தியினுள் சுழலும் ஜீன்ஸ் பொத்தான். பூ, சோப்பு நுரை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், தொல்காப்பியர் துணி துவைத்தவர் என்று நிறுவ முடியுமா என்பதைத் தனிக் கட்டுரையில் ஆராய்வோம்.

இங்கே ஒரு தடை எழுகிறது. துவைக்க வந்தவர் ஆடுகிறாரா, ஆட வந்தவர் துவைக்கிறாரா? முன்னதே என்பது மரபுவாதிகள் கொள்கை. அன்று, வீட்டில் காரணம் சொல்லவே துணிமூட்டை என்பார் நவீனர். துவைத்த துணியையே திரும்பக் கொண்டுவருவோரும் உளர் என்று மூன்றாம் தரப்பார் கூறி, வெளிறிப்போன சட்டையொன்றைச் சான்று காட்டுவர். இச்சட்டையைப் பற்றிய நூற்பா, பெயரும் ஆசிரியரும் காலமும் தெரியாத ஒரு நூலில் இருந்ததாகவும், அந்நூலைக் கடல் கொண்டதாகவும், உரை மட்டும் கரையேறியதாகவும், அவ்வுரையைக் கரையான் அரித்ததாகவும், அரித்த ஏடு இதுவே என்றும் துணியலாம். காண்க: அவ்வேட்டின் துளை, இடமிருந்து மூன்றாவது. அத்துளையை முதலில் கண்டவர் யார் என்பதில் இரு பேராசிரியர்கள் முப்பதாண்டாகப் பேசிக்கொள்வதில்லை என்பது, துறையில் ஓரிரு ஆண்டு இருந்த எவருக்கும் நம்பக் கடினமாக இராது.

பாலை: பிரிவு. போன வருடம் இயந்திரம் இருந்த மூலை. தரையில் நான்கு கால்களின் தடம், சுவரில் தனித்த ஒரு பிளக் பாயிண்ட். ‘எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்’ என்பார் கடைக்காரர். யார் என்று அவருக்கும் தெரியாது.

இத்திணைகளுள் எதிலும் அடங்காத நிலை ஒன்று உண்டு. குண்டு நழுவப்போகிறது என்று தெரிந்ததும் ஆடுபவர் இயந்திரத்தை உலுக்குவார். உள்ளே உலோக வளையத்தின் நடுவே ஓர் ஊசற்குண்டு தொங்குகிறது. உலுக்கல் மிஞ்சினால் அது வளையத்தைத் தொடும், மின்சுற்று மூடும், ‘டில்ட்’ என்று எழுத்து ஒளிரும், ஃபிளிப்பர் செத்துவிடும். தரவு போதாத இடத்தில் கருதுகோளைப் பிடித்து உலுக்கும் அறிஞர்களுக்கு இப்படி ஓர் ஊசற்குண்டு ஏன் இல்லை என்று அவையடக்கத்தோடு கேட்கிறோம்.

மேற்படி இடங்கள் எதிலும் இக்கட்டுரையாளர் நாணயம் போட்டதில்லை. ஆய்வின் நடுநிலை கருதி அது தவிர்க்கப்பட்டது. இக்குறையைப் போக்க நல்கை வேண்டி விண்ணப்பம் அனுப்பியாயிற்று. தொகையைக் காசோலையாகத் தராமல் கால் டாலர் நாணயங்களாகவே தரவேண்டும். தணிக்கையாளர் கேட்கும் பற்றுச்சீட்டை இயந்திரம் தருவதில்லை.